பதினொன்றாம் விதி

ஒவ்வொரு ஜூலையிலும் முதல் நாள் சாயங்காலம்
நான்தான் வாசிக்க வேண்டும்.
சமையற்காரி வாசித்தால் யாரும் வாதாடமாட்டார்கள் என்று
பிஷ்கேக் அலுவலகத்தில் யாருக்கோ ஓர் எண்ணம்.

பனியாற்றின் மேல் தனியாகப் போகாதே.
கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆள் இருக்கட்டும்.
மேய்ச்சல்காரர்களின் ஊற்றில் சோப்பு கரைக்காதே.
எலும்பு கண்டால் படமெடு, பையில் போடாதே.
அளவு தப்பினால் தப்பியதென்று எழுது,
அழகான எண்ணாக மாற்றாதே.
வோட்கா ஒரு கிண்ணம். அதுவும் இருட்டிய பிறகு.

ஏழாவது கொஞ்சம் நீளம்:
யார் எந்தக் கூடாரத்தில் உறங்குவதென்பதை
உறங்குகிறவரே முடிவு செய்வார்.
வேண்டாம் என்ற சொல்லுக்குக் காரணம் கேட்கக் கூடாது.

பதினொன்று, கடைசி:
குறை இருந்தால் குழுத் தலைவரிடம் சொல்லவும்.

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.
குதிரைக்காரர் தொக்தோசுனிடம் மட்டும் தாள் போகவில்லை.
"அவர் கூலியாள், பங்கேற்பவர் அல்ல" என்றார்
விதிகளை எழுதிய டாக்டர் ஹாஸ்லர்.

பன்னிரண்டாம் இரவு
புருல்சா உறக்கப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு
சமையல் கூடாரத்துக்குள் வந்தாள்.
"குளிர்" என்றாள்.
குளிர் எல்லோருக்கும்தான்.
மாவு மூட்டையை நகர்த்தி இடம் விட்டேன்,
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டுமோ?

பனிக்கு அடியில் நீர் ஓடும் சத்தம் இரவில்தான் கேட்கும்.
பகலிலும் ஓடுவதுதான்.
பேச்சு அடங்க வேண்டும், அவ்வளவே.

மறுநாளும் குளிர். அதற்கும் மறுநாள்
பூட்ஸைக் கழற்றாமலே படுத்தாள்.
நான்காம் விடியலில், என்னைப் பார்க்காமல்
அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்:
"என் அளவுகளைச் சரிபார்க்க வேண்டுமாம், கூடாரத்துக்கு வா என்கிறார்.
பகலில் பார்க்கலாமே என்றேன்.
பட்டத்துக்கு என் கையெழுத்து வேண்டாமா என்று சிரித்தார்."

செயற்கைக்கோள் தொலைபேசி அவர் பெட்டியில்.
பெட்டியின் சாவி அவர் கழுத்தில்.
பதினொன்றாம் விதி அவர் பெயரில்.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
நிறுவனம் என்பது ஒரு சாவிதான்.

காலைத் தேநீரின்போது தாளை எடுத்தேன்.
யாரும் கேட்காமலே முதலிலிருந்து வாசித்தேன்.
ஊற்று, எலும்பு, வோட்கா,
ஏழு வந்ததும் நிறுத்தினேன்.
நின்றுகொண்டே இருந்தேன்.
போர்சோக் ஆறியது. ஒரு கரண்டியும் அசையவில்லை.

"மறுபடியும் எதற்கு, சைகல்? எழுதியவனே நான்."
"நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்" என்றேன்.
குரல் நடுங்கியது. வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம்,
பிடித்துக்கொள்ளத் தாள் இருந்தது.

துளைக்கருவி பிடிக்கும் ஜோல்தான் எழுந்தான்,
இடுப்புக் கயிற்றை அவிழ்த்து மேசையில் வைத்தான்.
அடுத்து மீரிம்.
அடுத்து, இதுவரை யாரோடும் பேசாத அந்த ஜப்பானியப் பையன்.
"முதல் விதி, டாக்டர்" என்றான் ஜோல்தான்.
"இன்று உங்கள் கயிற்றின் மறுமுனையில் ஆள் இல்லை."

சாவியைக் கழற்ற அவருக்கு வெகு நேரம் பிடித்தது.
முடியில் சிக்கிவிட்டது என்றார்.

வெளியே தொக்தோசுன்
இரண்டு குதிரைகளுக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தார்.
"எனக்கு வழி தெரியும், ஒன்று போதும்" என்றார் ஹாஸ்லர்.
"தனியாகப் போகக் கூடாதென்று வாசித்தார்களே.
வாசலில் நின்று கேட்டேன்."

அன்று ஒன்பதாம் கம்பில் ஆறு சென்டிமீட்டர் கரைந்திருந்தது.
புருல்சா ஏழு என்று எழுதினாள், அடித்தாள்,
ஆறு என்று எழுதிப் பக்கத்தில் குறித்தாள்:
பிழை என்னுடையது.
அந்த ஒரு பிழை மட்டும்தான், பெண்ணே.

இந்த ஆண்டுத் தாள் புதிதாக அச்சாகி வந்திருக்கிறது.
தலைவர் பெயர் வேறு.
பதினொன்று அப்படியே இருக்கிறது.

பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறேன்.
பக்கத்தில் தொக்தோசுன் குந்தியிருக்கிறார்,
தன் பெயருக்கு எந்தக் கோடு என்று கேட்டபடி.